சாயப் பம்பை மின்சாரத்துக்கு மாற்றலாமா? முதலில் இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போய்ப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் வேலை செய்வது மலேசியாவில் கெடா மாநிலத்தின் தீக்காம் பத்து என்ற ஊர்ப் பக்கம், இரும்பு உதிரிப்பாகங்களுக்குச் சாயம் அடிக்கும் தொழிற்சாலை. சாயம் கலக்கும் மிக்சிங் ரூமில் காற்றில் ஓடும் ஒரு அங்குல டயாஃப்ரம் பம்ப் (அழுத்திய காற்று ஒரு சவ்வை முன்னும் பின்னும் தள்ள, அந்தச் சவ்வு சாயத்தைத் தள்ளும் வகை) ஆறு இருக்கின்றன. நான்கு பம்ப், சாயம் அடியில் படியாமல் இருக்க இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டு, டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஏற்ற மட்டும். இவற்றுக்கும் ஸ்ப்ரே கன்களுக்கும் சேர்த்து காற்றை அழுத்தித் தரும் 37 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று. ஆறு பம்பையும் மின்சாரப் பம்பாக மாற்றினால் 80 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று ஒரு விற்பனையாளர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முதலாளி உங்களைக் கூப்பிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்.

நான் பீடோங்கில் இருப்பவன். சுங்கை பட்டாணியில் இரும்பு அலமாரி, மேசை செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். இதே கேள்வி எங்களுக்கும் வந்தது. அதனால் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த 80 சதவீதம் பொய் இல்லை. ஆனால் அது பம்ப் தின்னும் மின்சாரத்தில் 80 சதவீதம், உங்கள் கரண்டு பில்லில் அல்ல. பில்லைத் தூக்குவது பெரும்பாலும் பம்ப் அல்ல, அந்த நான்கு பம்புக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்கும் கம்ப்ரசர். இது புரிந்தால் என்ன வாங்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

காற்று ஏன் இவ்வளவு விலை என்று முதலில் பார்த்துவிடலாம். கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. காற்றாக மாறி, குழாயில் ஓடி, பம்பைத் தள்ளி, கடைசியில் உருப்படியான வேலையாக மிஞ்சுவது நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்குள்தான். டயாஃப்ரம் பம்பில் காற்று வெளியேறும் இடத்தில் சத்தத்தைக் குறைக்க இருக்கும் மஃப்ளரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே கெடா வெயில் முப்பத்து நான்கு டிகிரி அடிக்கும்போது, அந்த மஃப்ளர் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். விரலை வைத்தால் சுரீர் என்று இருக்கும். அழுத்தத்தில் இருந்த காற்று சட்டென்று விரியும்போது குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் உறைகிறது. காசு கொடுத்துச் சுருக்கிய காற்றில் இன்னும் தெம்பு இருக்கும்போதே அதை வெளியே விடுகிறோம் என்பதற்கு அதுவே சாட்சி. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் சரியில்லாத இடத்தில் அந்தப் பனி மஃப்ளரையே அடைத்து பம்பை நிறுத்திவிடும், அது வேறு தொல்லை.

கணக்குக்கு வருவோம். ஒரு பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் சாயத்தை 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்துக்குப் போய்ச் சேரும் சக்தி 150 வாட்தான். ஒரு பழைய மின்விசிறி இரண்டு ஓட்டும் அளவு. அதைச் செய்ய டயாஃப்ரம் பம்ப் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.3 கன மீட்டர் காற்று எடுக்கும். 7 பாரில் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று கொடுக்கக் கம்ப்ரசர் சுமார் ஆறரை கிலோவாட் எடுக்கும் என்பது பொதுவான அளவு. ஆக, 150 வாட் வேலைக்கு 1.95 கிலோவாட். அதே வேலையை மின்சாரப் பம்ப் பாதிக்கும் குறைந்த திறனில் செய்தால்கூட 0.33 கிலோவாட் போதும். வித்தியாசம் 80 சதவீதத்துக்கு மேல். விற்பனையாளர் காட்டிய தாளில் இதுதான் இருந்திருக்கும்.

அந்தத் தாள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: 30 லிட்டர் எதற்கு?

சாயம் குழாயில் படியாமல் இருக்க விநாடிக்கு 0.3 மீட்டர் வேகம் இருந்தால் போதும் என்பது சாய வேலையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. உள்விட்டம் 25 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் ஓடினால் சரி. நான்கு கன் ஒரே நேரத்தில் அடித்தால் அதற்கு மேல் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தேவைப்படும். ஆக, பத்து பத்தரை லிட்டர். உங்கள் பம்ப் முப்பது ஓட்டினால் தேவைக்கு மூன்று மடங்கு சுற்றுகிறது. எப்படித் தெரிந்துகொள்வது? கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பம்ப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, டக் டக் என்று அது அடிப்பதை எண்ணுங்கள். போய்த் திரும்பினால் ஒரு சுற்று. ஒரு அங்குல பம்ப் ஒரு சுற்றுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளும், சரியான அளவு அதன் மேனுவலில் இருக்கும். எங்களிடம் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. யாரோ ஒரு நாள் கனில் சாயம் குறைவாக வருகிறது என்று, பம்புக்குப் போகும் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். ஃபில்டர் அடைத்திருந்ததுதான் உண்மைக் காரணம். ஃபில்டரை மாற்றியபின் ரெகுலேட்டரை யாரும் இறக்கவில்லை. அது அப்படியே வருடக்கணக்கில் நின்றுவிட்டது.

இறக்கும்போது ஒரேயடியாக இறக்காதீர்கள். ஒரு வாரம் நிமிடத்துக்கு நாற்பது சுற்று, அடுத்த வாரம் முப்பது சுற்று என்று வாருங்கள். துத்தநாகம் போட்ட பிரைமர் மாதிரி கனமான சாயம் சீக்கிரம் படியும், அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று சாயம் கொடுப்பவரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். தொட்டியில் சாயத்தைக் கலக்கும் துடுப்பு ஒழுங்காகச் சுற்றுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. தேவைக்கு மேல் சுற்றினால் சாயம் சூடாகும், சாயத்தை இளக்கச் சேர்த்த தின்னர் பறக்கும், கெட்டித்தன்மை மாறும். பம்பைக் குறைத்த பிறகு எங்கள் மிக்சிங் ரூம் பையன் சாயங்காலம் தின்னர் சேர்ப்பது நன்றாகக் குறைந்தது.

சரி, நான்கு பம்பையும் 30 லிட்டரிலிருந்து 10 லிட்டருக்கு இறக்கிவிட்டீர்கள். கணக்குப்படி 7.8 கிலோவாட் 2.6 ஆகிவிட வேண்டும். காசே செலவில்லாமல் 5.2 கிலோவாட் லாபம். ஆனால் பில்லில் அது அப்படி வராது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான்.

இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போங்கள். எல்லோரும் போய்விட்டிருப்பார்கள். கன் இல்லை, கன்வேயர் இல்லை. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்று கேளுங்கள். கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் சத்தம் தணிந்து வெறுமனே சுற்றும், மறுபடி உறுமும். அந்த வெறும் சுற்றில்தான் காசு போகிறது. சாதாரண ஒரே வேக ஸ்குரூ கம்ப்ரசர் காற்று எதுவும் கொடுக்காமல் சுற்றும்போதும் முழுச் சுமையில் எடுப்பதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கும். இதை அளக்கக் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வெறும் சுற்றில் பவர் ஃபேக்டர் (ஆம்பியரில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) விழுந்துவிடும், ஆம்பியர் கணக்கு தப்பாக வரும். கிலோவாட் காட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது ஒரு இரவு முழுக்கப் போடுங்கள்.

உங்கள் 37 கிலோவாட் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 6 கன மீட்டர் தருகிறது என்று வைப்போம். முழுச் சுமையில் 40 கிலோவாட், வெறும் சுற்றில் 11. நான்கு பம்ப் இரவில் எடுப்பது 1.2 கன மீட்டர். குழாய் ஒழுக்கு 1 கன மீட்டர். ஒழுக்கு அவ்வளவு இருக்குமா என்று நினைக்காதீர்கள். 7 பாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், நிமிடத்துக்கு அரை கன மீட்டருக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கில் இரவுச் சராசரி 22 கிலோவாட் வருகிறது. பம்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தபின்? கிட்டத்தட்ட 18. எதிர்பார்த்த 5.2 முழுசாக வரவில்லை. பம்ப் குறைத்த காற்றில் ஒரு பகுதியை வெறும் சுற்று விழுங்கிவிட்டது.

இதே நியாயம் மின்சாரப் பம்புக்கும் பொருந்தும். பம்பை மாற்றிவிட்டு, ஒழுக்குக்காகக் கம்ப்ரசரை இரவில் ஓடவிட்டால் பணம் போனது போனதுதான். மின்சாரப் பம்பின் உண்மையான லாபம், இரவு ஏழு மணிக்குக் கம்ப்ரசரை அடியோடு நிறுத்திவிட முடிகிறது என்பதில் இருக்கிறது. ஒரு யூனிட் 45 சென் என்று வைத்துப் பாருங்கள். 22 கிலோவாட், 12 மணி நேரம், ஒரு இரவுக்கு 264 யூனிட், 118 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். ஞாயிறும் பெருநாளும் முழு நாள் கணக்கு. தீபாவளிக்கு மூன்று நாள் மூடியிருந்த தொழிற்சாலையில் கம்ப்ரசர் மட்டும் பம்புக்காக ஓடிய கதை எங்களுடையது.

நாங்கள் செய்தது இது. முதலில் மிக்சிங் ரூமுக்குப் போகும் காற்றுக் குழாயில் திறந்து மூடும் ஒரு வால்வு போட்டு, தொழிற்சாலையின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்தோம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் 5.5 கிலோவாட் சின்னக் கம்ப்ரசர், ஒரு சின்ன டிரையர். சாயங்காலம் கடைசி ஆள் போகும்போது வால்வை மூடி, பெரியதை நிறுத்தி, சின்னதை ஓடவிடுவார். பம்பைக் குறைத்த பிறகு இரவில் தேவை 0.4 கன மீட்டர்தான், அதற்குச் சராசரி மூன்று கிலோவாட்டே போதும். இருபதிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டோம், மின்சாரப் பம்ப் ஒன்றுகூட வாங்காமல். உங்கள் முதலாளியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அப்படியானால் மின்சாரப் பம்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் இடம் பார்த்து. நாள் முழுக்கச் சுற்றும் நான்கு பம்பில் எது பழுதாகி டயாஃப்ரமும் உள்ளே இருக்கும் பந்து வால்வும் மாற்றும் நிலைக்கு வருகிறதோ, அதை மின்சாரத்துக்கு மாற்றுங்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பம்ப் வெளியே தள்ளும் பக்கத்து வால்வை மூடுங்கள். நல்ல டயாஃப்ரம் பம்ப் ஓரிரு அடியில் நின்றுவிடும். மூடிய பிறகும் மெதுவாக டக்… டக்… என்று அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஒழுகுகிறது என்று அர்த்தம்.

எந்த வகை மின்சாரப் பம்ப் என்பதில் நாங்கள் ஒரு தடவை அடிபட்டோம். விலை குறைவு என்று ஒரு கியர் பம்ப் (இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் சாயத்தை நெருக்கித் தள்ளும் வகை) வாங்கிச் சில்வர் மெட்டாலிக் லைனில் போட்டோம். திங்கள்கிழமை அடித்த கதவும் வியாழக்கிழமை அடித்த கதவும் ஒரே அலமாரிக்கு. வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டாவது சாம்பல் பூசினதுபோல மங்கிக் கிடந்தது. மெட்டாலிக் சாயத்துக்குள் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடுகள். பல்லுக்கு நடுவில் ஆயிரம் தடவை போய் வந்தால் அவை மடங்கும், உடையும், பளபளப்பு போகும்.

இதை எங்கள் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் பால் தொட்டி பார்த்தவர். “பாலை அடிச்சா கட்டிதான் தட்டும்” என்றார். ரப்பர் பால் அப்படித்தான், வேகமாகச் சுழற்றினால் பம்புக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால்தான் அங்கே முடிந்தவரை வாய்க்கால் சரிவில் தானாக ஓடவிடுவார்கள், தள்ளியே ஆக வேண்டும் என்றால் டயாஃப்ரம் மாதிரி மெதுவாக அணைத்துத் தள்ளும் பம்ப் வைப்பார்கள். மெட்டாலிக் சாயத்துக்கும் நீரில் கரையும் சாயத்துக்கும் அதே பக்குவம் வேண்டும். மெதுவாக ஏறி இறங்கும் மின்சாரப் பிஸ்டன் பம்ப், அல்லது இப்போது வரும் மின்சார டயாஃப்ரம் பம்ப், இரண்டில் ஒன்றை எடுங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது: வெளி வால்வை மூடினால் இது என்ன செய்யும்? காற்றுப் பம்ப் தானாக நின்றுவிடும், அதுதான் அதன் பெரிய குணம். எல்லா மின்சாரப் பம்பும் நிற்காது. சில வகை தள்ளிக்கொண்டே இருந்து ஹோஸைக் கிழித்துவிடும். அழுத்தம் கூடினால் தானாக நிற்கும் வகையா, இல்லையென்றால் கூடின அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு எங்கே என்று எழுத்தில் வாங்குங்கள். இரவில் வேகத்தையும் அழுத்தத்தையும் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது.

அடுத்தது தீ. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தின்னர் ஆவி இருக்கும் அறையில் சாதாரண மோட்டார் கூடவே கூடாது. அந்த இடத்தின் அபாய வகைக்கு ஏற்ற, தீப்பொறி வெளியே வராத, தீப்பிடிக்கும் ஆவி உள்ள இடத்துக்கான எக்ஸ் (Ex) சான்று பெற்ற மோட்டார் வேண்டும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான இன்வெர்ட்டரைச் சுவருக்கு வெளியே வையுங்கள். அந்த மோட்டார் இன்வெர்ட்டரோடு சேர்த்து ஓடுவதற்கும் சான்று இருக்க வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. காற்றுப் பம்பை இந்த அறைகளில் காலங்காலமாக வைத்ததற்கே காரணம் அதில் மின்சாரம் இல்லை என்பதுதான். எந்தப் பம்பாக இருந்தாலும் எர்த் கம்பி டிரம்மிலும் இருக்கிறதா, துருப்பிடித்துத் தொங்குகிறதா என்று வாரம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

நம் பக்கத்து மத்தியான இடி மழையையும் நினைவில் வையுங்கள். கரண்டு ஒரு கண் சிமிட்டு சிமிட்டினாலே இன்வெர்ட்டர் விழுந்துவிடும். காற்றுத் தொட்டியில் கொஞ்ச நேரத்துக்குக் காற்று இருக்கும், மின்சாரப் பம்புக்கு அந்த மிச்சம் இல்லை. ராத்திரி விழுந்தது காலையில்தான் தெரிந்தால் நான்கு லைனும் படிந்து போயிருக்கும். பம்ப் நின்றால் காவலாளி அறையில் மணி அடிக்கும்படி ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். மின்னல் தாங்கியும் போடுங்கள்.

சாயம் அடிக்கும் ஸ்ப்ரே பூத்தில், தெறிக்கும் சாயத்தைப் பிடிக்க விழும் தண்ணீர்த் திரைக்கு ஓடும் பம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேயும் பணம் கிடக்கலாம். அதன் வால்வு பாதி மூடியிருக்கிறதா? அப்படியானால் பெரிய பம்பை வாங்கிக் கழுத்தை நெரித்து ஓட்டுகிறீர்கள். இந்த வகைப் பம்பில் வேகத்தை 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப சக்தி மாறும் என்பதால். ஆனால் தண்ணீரை மேலே ஏற்றும் உயரம் மாறாதது. அதனால் பூத்தில் அந்தப் பாதி முழுசாகக் கிடைக்காது, ஓரளவுக்குக் கீழே இறக்கினால் தண்ணீரே மேலே ஏறாது. திரை எங்கும் கிழியாமல் விழும் வரை இறக்கி, கொஞ்சம் ஏற்றி நிறுத்துங்கள். மோட்டார் எரிந்தால் உள்ளே கம்பியைத் திரும்பச் சுற்றுவதற்குப் பதில் ஐஇ3 (IE3) என்ற திறன் வகுப்பு மோட்டார் வாங்குங்கள். 7.5 கிலோவாட்டில் ஐஇ1 என்றால் திறன் 86 சதவீதம், ஐஇ3 என்றால் 90.4. தினமும் ஓடும் மோட்டாருக்கு அது பெரிய வித்தியாசம். சாயத்துக்கு முன் இரும்பைக் கழுவிப் பதப்படுத்தும் பாஸ்பேட் லைனில் ஓடும் பம்புகள் சாப்பாட்டு நேரத்தில் கன்வேயரில் ஒன்றுமே இல்லாமல் பீய்ச்சிக்கொண்டிருக்கின்றனவா என்று ஒரு நாள் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். மலேசியாவின் 2024ஆம் ஆண்டு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது பெரிய பயனீட்டாளராகப் பிடிப்பது பன்னிரண்டு மாதத்தில் 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் எரிசக்தி எட்டுபவர்களை. ஒரு 37 கிலோவாட் கம்ப்ரசர் மட்டும் வருடம் முழுக்க ஓடினாலும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. உங்கள் பில்லில் உச்சத் தேவைக் கட்டணம் (ஒரே நேரத்தில் எடுத்த அதிகபட்ச கிலோவாட்டுக்கானது) இருந்தால், இரவு மிச்சம் அதைக் குறைக்காது, யூனிட்டை மட்டும் குறைக்கும். முதலாளிக்குக் கணக்குக் காட்டும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இனி அந்த டிரம் பம்ப் இரண்டு. விற்பனையாளர் ஆறு என்று எழுதிக் கொடுத்ததில் அவை ஏன் வந்தன என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று நாளுக்கு அரை மணி ஓடினால் வருடத்துக்கு 300 யூனிட், 135 வெள்ளி. பகலில், கம்ப்ரசர் எப்படியும் ஓடும் நேரத்தில். வறண்டு ஓடினாலும் தாங்கும், தூக்கிக்கொண்டு போய் எந்த டிரம்மிலும் வைக்கலாம். அவற்றைக் காற்றிலேயே விட்டுவிடுங்கள்.